எக்செல், கால்க் திறந்த உடனே மூடிக்கொள்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டன் டவுனில் கம்பியூட்டர் பழுது பார்ப்பது என் வேலை. மாதத்தின் முதல் பத்து நாளில் ஒரே புகார்தான் அதிகம் வரும்: "எக்செல்லைத் திறந்தால் ஒரு செக்கன் தெரிகிறது, அப்புறம் தானாக மூடிக்கொள்கிறது." சம்பளத்துக்கு முன் செக்ரோல் (தோட்டத் தொழிலாளர்களின் வேலைநாள், சம்பளப் பதிவு) முடிக்க வேண்டிய கிளாக்கர், தவணைப் பரீட்சைப் புள்ளிகளை ஏற்ற வேண்டிய டீச்சர், மரண உதவிச் சங்கத்துச் சந்தாக் கணக்கை வைத்திருக்கும் பொருளாளர், எல்லாருக்கும் பதற்றம் ஒன்றுதான். போனில் திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். நோர்வூட்டிலிருந்தோ மஸ்கெலியாவிலிருந்தோ பஸ் ஏறுவதற்கு முன் இவற்றை வீட்டிலேயே செய்து பாருங்கள்.

என் கணக்கெல்லாம் போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. புரோகிராம் வேறு, ஃபைல் வேறு. கணக்குப் புத்தகம் மேசை லாச்சிக்குள் பத்திரமாக இருக்கிறது, லாச்சிதான் திறக்க மாட்டேன் என்கிறது, அவ்வளவுதான்.

ஆனாலும் வேறு எதையும் தொடுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். ஃபைல் இருக்கும் ஃபோல்டரைத் திறந்து, அதை அப்படியே பென் டிரைவில் கொப்பி எடுங்கள். ஃபைலை இரண்டு தரம் கிளிக் செய்து திறக்க வேண்டாம், கொப்பி மட்டும். எடுத்ததும் பென் டிரைவைக் கழற்றி ஒரு பக்கம் வைத்துவிடுங்கள். கீழே சொல்வதெல்லாம் அதற்குப் பிறகுதான். பழுது பார்க்கப் போய் கணக்கைத் தொலைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். புரோகிராமைத் திரும்பப் போட்டுவிடலாம், மூன்று வருடச் சந்தாக் கணக்கைத் திரும்ப எழுத முடியாது.

"எக்செல்தான்" என்று சொல்கிறேனே, எது என்று ஏன் திரும்பக் கேட்கிறீர்கள்?

எங்கள் பக்கத்தில் கட்டம் போட்ட கணக்குத்தாள் எதுவானாலும் பேர் எக்செல்தான். ஆனால் கடைக்கு வருவதில் கணிசமானவற்றில் இருப்பது லிப்ரேஆபிஸ் கால்க். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. பச்சை நிறப் பெட்டியில் பெரிய எக்ஸ் எழுத்து இருந்தால் மைக்ரோசொஃப்டின் எக்செல். 'லிப்ரேஆபிஸ்' என்று பெயர் தெரிந்தால் கால்க். அதைப் பார்த்துவிட்டுப் பேசினால் இரண்டு பேருக்கும் நேரம் மிச்சம்.

கோளாறு எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஃபைலைத் தொடாமல் புரோகிராமை மட்டும் ஸ்டார்ட் மெனுவிலிருந்து திறந்து பாருங்கள். வெறும் தாள் ஒழுங்காக வந்தால் கோளாறு அந்த ஒரு ஃபைலில். வெறும் தாளே வராமல் மூடிக்கொண்டால் புரோகிராமிலோ அதன் அமைப்புகளிலோ விண்டோஸிலோ இருக்கிறது.

அடுத்தது, விண்டோஸில் இன்னொரு யூசர் கணக்கை உருவாக்கி, அதில் நுழைந்து அதே புரோகிராமைத் திறப்பது. அங்கே ஓடினால் புரோகிராம் நல்லது, உங்கள் பெயரில் சேர்ந்திருக்கும் அமைப்புகள்தான் கெட்டிருக்கின்றன. இந்தச் சோதனையைப் பலர் செய்வதில்லை. ஐந்து நிமிடத்தில் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

இன்னும் ஆழமாகப் பார்க்க வேண்டுமானால் ஸ்டார்ட் மெனுவில் 'ரிலையபிலிட்டி' என்று ஆங்கிலத்தில் தேடுங்கள். நாள்வாரியாக ஒரு வரைபடம் வரும். புரோகிராம் விழுந்த நாளில் சிவப்புக் குறி இருக்கும். அதைத் திறந்தால் 'ஃபோல்ட்டிங் மொடியூல்' என்ற வரியில் எந்தத் துண்டு விழுந்தது என்று எழுதியிருக்கும். பிரின்டர் கம்பனியின் பெயரோ கிராஃபிக்ஸ் டிரைவரின் (திரையில் படம் காட்டும் பகுதியை இயக்கும் மென்பொருளின்) பெயரோ அங்கே தெரிந்தால் தேட வேண்டிய இடம் அதுதான். அந்த வரியைப் போனில் படம் எடுத்து வையுங்கள்.

மூன்று தரம் அழித்துவிட்டுத் திரும்ப இன்ஸ்டால் செய்தேன். இன்னும் அப்படியே இருக்கிறதே?

இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவையும் எழுத உட்கார்ந்தேன்.

கொட்டகலைப் பக்கத்திலிருந்து ஒரு டீச்சர் வந்தார். கால்க் திறக்கவில்லை. போன் டேட்டாவில் லிப்ரேஆபிஸை மூன்று தரம் இறக்கியிருக்கிறார். ஒவ்வொரு தரமும் சுமார் 350 எம்பி. "தம்பி, நேற்றுப் போட்ட டேட்டா கார்டும் முடிந்துவிட்டது" என்றார். அவர் மேல் ஒரு பிழையும் இல்லை. புரோகிராமை நீக்கினால் அது சம்பந்தப்பட்ட எல்லாம் போய்விடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

அப்படிப் போவதில்லை. லிப்ரேஆபிஸ் உங்கள் பெயரில் ஒரு ஃபோல்டர் வைத்திருக்கும். கடைசியாகத் திறந்த ஃபைல்கள், கருவிப்பட்டையை நீங்கள் மாற்றி வைத்த விதம், நீங்கள் சேர்த்த சொற்கள், மேக்ரோ (ஒரே வேலையைத் தானாகச் செய்ய எழுதி வைத்த கட்டளைகள்) எல்லாம் அதில்தான். இதற்கு யூசர் புரொஃபைல் என்று பெயர். புரோகிராமை நீக்கினாலும் உங்கள் சொந்த அமைப்புகள் என்பதால் இதைத் தொடாமல் விட்டுவிடுகிறது. புதிதாகப் போட்ட புரோகிராம் திறந்ததும் முதலில் வாசிப்பது அதே பழைய புரொஃபைலை. கெட்டது அங்கே இருந்தால் திரும்ப விழத்தான் செய்யும்.

டீச்சரின் லெப்டொப்பில் செய்தது இதுதான். லிப்ரேஆபிஸ் முழுவதும் மூடியிருக்கிறதா என்று பார்த்தோம். விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் ஒரு சின்னப் பெட்டி வரும். அதில் சதவீதக் குறி, 'ஆப்டேட்டா' என்ற ஆங்கிலச் சொல், மறுபடி சதவீதக் குறி, இடைவெளி விடாமல் அடித்து எண்டர். திறந்த ஃபோல்டருக்குள் 'லிப்ரேஆபிஸ்', அதற்குள் '4' என்று பெயர் வைத்த ஃபோல்டர். உங்கள் பதிப்பு 24 ஆனாலும் 25 ஆனாலும் இந்த ஃபோல்டரின் பெயர் 4தான், பயப்பட வேண்டாம். அதை அழிக்கவில்லை. வலது கிளிக் செய்து பெயரை '4 பழையது' என்று மாற்றினோம். பிறகு கால்க்கைத் திறந்தோம். முதல் தரம் கொஞ்சம் மெதுவாக வந்தது, ஏனென்றால் புதுப் புரொஃபைலை அப்போதுதான் உருவாக்குகிறது. வெறும் தாள் வந்தது. புள்ளிக் கணக்கு ஃபைலும் திறந்தது. மொத்தம் நான்கு நிமிடம் இருக்கும்.

பழைய ஃபோல்டரை அழிக்காததற்குக் காரணம் உண்டு. அதற்குள் 'யூசர்', அதற்குள் 'வேர்ட்புக்' என்று ஒன்று இருக்கும். டீச்சர் வருடக்கணக்காகச் சேர்த்த பெயர்ச்சொற்கள் அங்கே இருந்தன. அதை மட்டும் புதுப் புரொஃபைலுக்குக் கொப்பி செய்து கொடுத்தேன். மேக்ரோ எழுதியிருந்தால் 'பேசிக்', மாதிரித் தாள்கள் வைத்திருந்தால் 'டெம்ப்ளேட்'. ஒவ்வொன்றாக எடுங்கள், எடுத்ததும் திறந்து பாருங்கள். எதை எடுத்தபின் விழுகிறதோ அதுதான் கெட்டது.

ஃபோல்டருக்குள் போகப் பயமாக இருக்கிறது. வேறு வழி உண்டா?

உண்டு. 2017இல் வந்த 5.3 பதிப்பிலிருந்து லிப்ரேஆபிஸில் சேஃப் மோட் இருக்கிறது. ஸ்டார்ட் மெனுவில் லிப்ரேஆபிஸ் பட்டியலுக்குள்ளேயே 'சேஃப் மோட்' என்று தனியாக ஒன்று தெரியும். அதைத் திறந்தால் தற்காலிகமான ஒரு வெறும் புரொஃபைலோடு வரும், கூடவே ஒரு பெட்டி கேள்வி கேட்கும். 'கன்டினியூ இன் சேஃப் மோட்' என்று கொடுத்து, ஒழுங்காக ஓடினால் கோளாறு புரொஃபைலில்தான் என்று உறுதி.

பிறகு மறுபடி சேஃப் மோடுக்கு வந்து, மேலே இருந்து கீழே போங்கள். முதலில் காப்புப் பிரதியிலிருந்து மீட்பது. சரி வரவில்லையென்றால் எக்ஸ்டென்ஷன்களை (பிறகு சேர்த்த துணைப் புரோகிராம்களை) நிறுத்துவது, ஹார்ட்வேர் வேகமூட்டலை (திரையில் வரைவதை கிராஃபிக்ஸ் சிப்பிடம் விடுவதை) நிறுத்துவது. கடைசியில் இருக்கும் 'முழுப் புரொஃபைலையும் திரும்ப அமை' என்பதற்கு அவசரப்பட்டுப் போக வேண்டாம். உங்கள் மேக்ரோவையும் சொற்களையும் அது வழித்து எடுத்துவிடும்.

திறக்கும்போது திரை ஒரு தரம் கறுப்பாகி மூடிக்கொள்கிறது. ஏன்?

கிராஃபிக்ஸ் டிரைவரைச் சந்தேகப்படுங்கள். 2020இல் வந்த 7.0 பதிப்பிலிருந்து லிப்ரேஆபிஸ் திரையில் வரைவதற்கு ஸ்கியா என்ற முறையைப் பயன்படுத்துகிறது. பழைய லெப்டொப்களின் டிரைவர் சிலவற்றுக்கு அது ஒத்து வராது. சேஃப் மோட் பெட்டியில் ஹார்ட்வேர் வேகமூட்டலை நிறுத்தும் குறியைப் போட்டுத் திரும்பத் தொடங்குங்கள். சேஃப் மோடுக்குள் 'ஒப்ஷன்ஸ்' போய் மாற்றுவது நிலைக்காது, அது தற்காலிகப் புரொஃபைலோடு போய்விடும். சாதாரணமாகத் திறந்த பிறகு 'டூல்ஸ்', 'ஒப்ஷன்ஸ்', அதில் 'வியூ' பக்கத்தில் ஸ்கியாவை மென்பொருள் வழியாகவே வரையச் சொல்லும் குறியைப் போடலாம், அல்லது ஸ்கியாவையே நிறுத்தலாம். கணக்குத்தாளுக்கு அந்த வேகம் தேவையில்லை. ஒரு குறையும் தெரியாது.

மூடிக்கொள்ளக்கூட இல்லை. கிளிக் செய்தால் ஒன்றுமே நடக்கவில்லை.

முன்பு விழுந்த புரோகிராம் பின்னால் பாதி உயிரோடு கிடக்கிறது. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் லிப்ரேஆபிஸ் அல்லது எக்செல் என்று இருப்பதைத் தெரிவு செய்து 'எண்ட் டாஸ்க்' கொடுங்கள். அப்புறம் திறங்கள்.

திறந்தால் "ஃபைலை மீட்கவா" என்று கேட்கிறது. ஆம் என்றால் விழுகிறது, மறுபடி திறந்தால் மறுபடி கேட்கிறது.

கெட்ட ஃபைலை மீட்கப் போய் விழுகிறது, விழுந்ததால் திரும்பவும் மீட்கப் பார்க்கிறது. இந்தச் சுற்றை வெட்டிவிட வேண்டும். மேலே சொன்ன '4' ஃபோல்டருக்குள் 'யூசர்', அதற்குள் 'பெக்கப்' என்று இருக்கும். அதில் உள்ளதை முதலில் வேறு இடத்துக்குக் கொப்பி எடுங்கள். நீங்கள் சேமிக்காமல் விட்ட கடைசி அரை மணி நேர வேலை அங்கேதான் இருக்கக்கூடும். கொப்பி எடுத்த பின் மீட்புப் பெட்டியில் 'டிஸ்கார்ட்' கொடுங்கள். சுற்று நின்றுவிடும்.

என்னிடம் இருப்பது உண்மையான எக்செல். அதற்கு என்ன செய்வது?

கண்ட்ரோல் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டே எக்செல் குறியைக் கிளிக் செய்யுங்கள். சேஃப் மோடில் தொடங்கவா என்று ஒரு பெட்டி கேட்கும் வரை பட்டனிலிருந்து விரலை எடுக்க வேண்டாம். ஆம் என்று கொடுத்து, ஒழுங்காகத் திறந்தால் காரணம் பெரும்பாலும் ஆட்இன், அதாவது எக்செல்லோடு சேர்ந்து ஓடும் துணைப் புரோகிராம். 'ஃபைல்', 'ஒப்ஷன்ஸ்', 'ஆட்இன்ஸ்' போய், கீழே 'கொம் ஆட்இன்ஸ்' என்று தெரிவு செய்து 'கோ' கொடுங்கள். எல்லாக் குறியையும் எடுத்துவிட்டுச் சாதாரணமாகத் திறந்து பாருங்கள். பிறகு ஒவ்வொன்றாகப் போடுங்கள்.

அதிலும் இல்லையென்றால் 'எக்ஸ்எல்ஸ்டார்ட்' ஃபோல்டரைப் பாருங்கள். முன்பு சொன்ன ஆப்டேட்டாவுக்குள் மைக்ரோசொஃப்ட், அதற்குள் எக்செல், அதற்குள் அது இருக்கும். அந்த ஃபோல்டரில் கிடக்கும் எந்த ஃபைலையும் எக்செல் தொடங்கும்போதே திறக்கும். தெரியாமல் யாரோ அங்கே சேமித்த ஒரு பழைய கணக்கு கெட்டுப்போயிருந்தால் எக்செல்லும் அதோடு விழும். அதை வெளியே நகர்த்தினால் போதும்.

இன்னொன்று, யாரும் நினைத்துப் பார்க்காதது: பிரின்டர். பக்கத்தின் அளவைத் தெரிந்துகொள்ள எக்செல் இயல்பு பிரின்டரைக் கேட்கும். ஒரு தோட்டத்து ஆபீஸில் பெரிய கிளாக்கர் ஐயாவின் கம்பியூட்டரில் எக்செல் நிமிடக்கணக்கில் உறைந்து நின்று மூடிக்கொண்டது. ஆபீஸை வெள்ளையடித்தபோது நெட்வேர்க் பிரின்டரைக் கழற்றி ஃபேக்டரிப் பக்கம் கொண்டுபோயிருக்கிறார்கள். கம்பியூட்டரோ இன்னும் அந்தப் பிரின்டரையே தேடிக்கொண்டிருந்தது. விண்டோஸ் அமைப்பில் 'மைக்ரோசொஃப்ட் பிரின்ட் டு பிடிஎஃப்' என்பதை இயல்பு பிரின்டராக மாற்றினேன். எக்செல் உடனே வந்தது. அன்று கொழுந்துக் கணக்கு ஏற்ற நேரமாகிவிட்டது என்று தவித்துக்கொண்டிருந்த மனிதர், நாற்காலியை இழுத்து உட்கார்ந்த வேகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

இவை எதுவும் உதவாவிட்டால் கண்ட்ரோல் பேனலில் ஆபிஸைத் தெரிவு செய்து 'சேஞ்ச்' கொடுத்து, முதலில் 'குயிக் ரிப்பேர்'. 'ஒன்லைன் ரிப்பேர்' ஆபிஸ் முழுவதையும் திரும்ப இறக்கும், நல்ல இணைப்பு இருக்கும் இடத்தில் செய்யுங்கள்.

வெறும் தாள் வருகிறது. ஆனால் அந்த ஒரு ஃபைலைத் திறந்தால் மட்டும் விழுகிறது.

மூலத்தில் கை வைக்காமல் கொப்பியில் செய்யுங்கள். எக்செல்லில் 'ஃபைல்', 'ஓபன்', 'பிரவுஸ்' போய், ஃபைலை ஒரே ஒரு தரம் கிளிக் செய்து, 'ஓபன்' பட்டனுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன அம்பை அழுத்தினால் 'ஓபன் அண்ட் ரிப்பேர்' வரும். அதைக் கொடுங்கள்.

எனக்கு இதைவிட அதிகம் கைகொடுத்தது இடம் மாற்றித் திறப்பது. எக்செல்லில் விழும் ஃபைலை கால்க்கில் திறங்கள், கால்க்கில் விழுவதை எக்செல்லில் திறங்கள். இரண்டும் ஃபைலை வாசிக்கும் விதம் வேறு. ஒன்று தடுக்கி விழும் இடத்தை மற்றது தாண்டிப் போய்விடுவதுண்டு. திறந்ததும் புதுப் பெயரில் சேமியுங்கள்.

ஃபைலின் அளவு 0 என்று காட்டினால் உள்ளே ஒன்றும் இல்லை. அப்போது தேட வேண்டியது பெக்கப் ஃபோல்டரையும், யாருக்காவது வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ அனுப்பிய பழைய பிரதியையும்தான். சங்கக் கணக்கு ஒன்றை, தலைவருக்கு அனுப்பிய பிரதியிலிருந்து இப்படித்தான் மீட்டோம். பதினொரு நாள் கணக்கு மட்டும் ரசீதுப் புத்தகத்தைப் பார்த்துத் திரும்ப எழுத வேண்டியிருந்தது.

கரண்ட் போனதற்குப் பிறகுதான் இப்படி. சம்பந்தம் உண்டா?

நிச்சயம் உண்டு. புரொஃபைலையோ ஃபைலையோ டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருக்கும் நொடியில் கரண்ட் போனால் பாதி எழுதிய நிலையில் நின்றுவிடும். எங்கள் பக்கம் மே மாதத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிக் காற்றும் மழையும் சேர்ந்து வந்தால், மரம் கம்பியில் விழுவது சாதாரணம். பேட்டரி செத்த லெப்டொப்பை நேரே அடப்டரில் ஓட்டுபவர்களுக்கு ஆபத்து அதிகம். அந்தப் பேட்டரியை மாற்றும் செலவு வீண் செலவில்லை என்று வருகிற எல்லாரிடமும் சொல்கிறேன்.

எக்செல்லும் கால்க்கும் பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் தானாகக் காப்பு எடுக்கும்படி அமைந்து வருகின்றன. அதை மூன்று நிமிடமாகக் குறையுங்கள். கால்க்கில் 'டூல்ஸ்', 'ஒப்ஷன்ஸ்', 'லோட் சேவ்', 'ஜெனரல்' பக்கத்தில் எப்போதும் காப்புப் பிரதி எடுக்கச் சொல்லும் குறியையும் போட்டுவிடுங்கள். ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் முந்தைய நிலை தனியாக இருக்கும்.

எக்செல் மட்டுமில்லை, எல்லாமே அவ்வப்போது விழுகிறது.

அப்படியானால் மென்பொருளை விடுங்கள். ரேமும் டிஸ்க்கும்தான் பார்க்க வேண்டியவை. ஸ்டார்ட் மெனுவில் 'விண்டோஸ் மெமரி டயக்னோஸ்டிக்' என்று தேடி ஓட விடுங்கள். நுவரெலியா, தலவாக்கலைப் பக்கத்திலிருந்து வரும் மேசைக் கம்பியூட்டர்களில் ரேமின் தங்க நிறக் கால்கள் ஈரத்தில் மங்கியிருப்பதைப் பார்க்கிறேன். பள்ளிக்கூட அழிறப்பரால் மெதுவாகத் துடைத்துத் திரும்பச் செருகியதும் பல கம்பியூட்டர்கள் சரியாகியிருக்கின்றன. பவர் வயரைக் கழற்றிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

பாமினி எழுத்துரு போட்ட பிறகு விழுகிறது என்கிறார்களே?

பாமினியில் குற்றமில்லை. பென் டிரைவ் பென் டிரைவாகக் கைமாறி வந்த ஃபைல் கெட்டிருக்கலாம். கடைசியாகப் போட்ட எழுத்துருவை நீக்கிப் பாருங்கள். முடிந்தால் புதுக் கணக்குகளை யூனிகோடிலேயே எழுதுங்கள், எந்தக் கம்பியூட்டரிலும் எழுத்து மாறாமல் தெரியும்.

விண்டோஸ் 7 கம்பியூட்டரில் புது லிப்ரேஆபிஸ் வரவில்லை.

2025 ஓகஸ்டில் வந்த 25.8 பதிப்பிலிருந்து விண்டோஸ் 7, 8, 8.1 மூன்றுக்கும் ஆதரவு இல்லை. அதற்கு முந்தைய பதிப்பைப் போடுங்கள். ஏதோ ஒரு 'டிஎல்எல்' (புரோகிராம் ஓடத் தேவையான துணை ஃபைல்) இல்லை என்று செய்தி வந்தால் மைக்ரோசொஃப்டின் விஷுவல் சி பிளஸ் பிளஸ் துணைத் தொகுப்பை அவர்களுடைய தளத்திலிருந்தே இறக்கிப் போடுங்கள். டிஎல்எல் ஃபைலைத் தனியாகக் கொடுக்கும் தளங்கள் பக்கம் போகவே வேண்டாம்.

கிராக் செய்த ஆபிஸ்தான் இருக்கிறது. சரி செய்து தருவீர்களா?

உங்கள் ஃபைல்களை எடுத்துத் தருவேன், லிப்ரேஆபிஸ் போட்டுத் தருவேன். கிராக்கைத் திரும்ப ஓட வைக்க மாட்டேன். அதன் மூல ஃபைல்களில் யாரோ கை வைத்திருக்கிறார்கள், கூடவே வேறு என்ன வந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. தொழிலாளர்களின் அடையாள அட்டை இலக்கமும் சேமலாப நிதிக் கணக்கும் இருக்கும் கம்பியூட்டரில் அதை வைத்திருப்பது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

எல்லாம் செய்தும் சரிவரவில்லை. கடைக்குக் கொண்டுவரும்போது என்ன கொண்டுவர வேண்டும்?

லெப்டொப்பின் சார்ஜர், முதலில் கொப்பி எடுத்த பென் டிரைவ், வந்த பிழைச் செய்தியின் படம். எதை எல்லாம் செய்து பார்த்தீர்கள் என்பதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதினால் நான் அதையே திரும்பச் செய்ய மாட்டேன். மழை நாளென்றால் பையில் வைப்பதற்கு முன் லெப்டொப்பை ஒரு பிளாஸ்டிக் உறையில் சுற்றுங்கள், பஸ்ஸில் ஜன்னல் பக்கம் வைக்க வேண்டாம். கடைக்கு வந்ததும் உடனே ஓன் செய்யாமல் கொஞ்ச நேரம் மேசையில் வைத்திருந்து, ஈரம் இல்லை என்று பார்த்த பிறகுதான் தொடங்குவேன்.